ஏட்டைக் காத்த கைகள்

காரைக்காலை அடுத்த கருக்களாச்சேரியில், கடலைப் பார்த்த ஒரு வீட்டுத் திண்ணை. வலைகள் உலரும் மாலை வேளை. மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த கம்பிக்குப் பதில் நூலைக் கட்டிக் காதில் மாட்டிக்கொண்டு, மூதாட்டி ஒருவர் வேதம் வாசிக்கிறார். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்; எனினும் ஒரு நாளும் தவறியதில்லை. தாய்வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஏட்டை, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. அதே மொழிபெயர்ப்பில் வேறொன்றைப் பொறையாற்றிலுள்ள அவருடைய தம்பி வாங்கித் தந்தார். புகுந்த வீட்டார் செல்லும் ஆலயத்தில் இன்னொன்று கிடைத்தது. ஆக, அவரிடம் இப்போது இரண்டு ஏடுகள். ஒன்று 'தேவன்' என்கிறது. மற்றொன்று 'கடவுள்' என்கிறது.

என்னுடன் வந்திருந்த தோழர், பகுத்தறிவில் பற்றும் நாவில் வேகமும் கொண்ட இளைஞர், கேட்டேவிட்டார்: "ரெண்டும் கடவுள் சொன்னதுன்னு சொல்றீங்களே பாட்டி, அவர் சொன்ன சொல்லு எது? தேவனா, கடவுளா?"

மூதாட்டி சினக்கவில்லை, சிரித்தார். "மவன் வயித்துப் பேரன் என்னை 'அப்பாயி'ங்கிறான். மவ வயித்துப் பேரன் 'அம்மாச்சி'ங்கிறான். கூப்பிடுற பேரு ரெண்டு. நான் ஒருத்திதானே தம்பி?"

தோழர் வாயடைத்தார், நானுந்தான். வழியெல்லாம் அந்த விடை என்னை உறுத்திற்று. அது வாதத்தை வென்ற விடையா? இல்லை! ஆனால், எங்கள் கேள்வி அவருடைய நம்பிக்கையின் வாயிற்படியைக்கூடத் தொடவில்லை என்பதைக் காட்டிவிட்ட விடை. நம்புகிறவர் ஏன் நம்புகிறார் என்பதை அறிந்துகொள்ளாமலே மறுக்கப் புறப்படுவது பகுத்தறிவாகுமா? பட்டிமன்ற வெற்றிக்கு அது போதும், உண்மைக்குப் போதாது.

எனவே, தோழர்களே, முதலில் அவர்கள் தரப்பைக் கேட்போம்.

விவிலியம் கடவுளின் மூச்சால் ஆனது, என்றும் நிலைப்பது என்று கிறித்தவர்கள் கூறுவதற்கு நான்கு காரணங்களை அடுக்குவர். முதலாவது, ஏடே அவ்வாறு சான்று பகர்கிறது. பவுலின் பெயரால் வழங்கும் மடல் ஒன்று, மறைநூல் முழுவதும் கடவுளின் உயிர்ப்பிலிருந்து வந்தது என்ற கருத்தைச் சொல்கிறது. இரண்டாவது, ஒருமை, ஏறத்தாழ 40 ஆசிரியர், ஏறத்தாழ 1500 ஆண்டுகள், எனினும் ஒரே நோக்கு என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது, அழியாமை, கி.பி. 303இல் உரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் கிறித்தவ ஏடுகளைக் கொளுத்த ஆணையிட்டான். அவன் அரசு இன்று இல்லை; ஏடு இருக்கிறது! நான்காவது, அனுபவம், குடியில் கிடந்தவன் எழுந்தான், துயரில் துவண்டவள் தேறினாள், படித்தவுடன் நெஞ்சு மாறிற்று என்பர்.

இவற்றை எள்ளி நகையாடுவது எளிது. எடைபோட்டுப் பார்ப்பதே நம் கடமை.

தன்னைப் பற்றித் தானே சொல்லும் சான்று, எந்த வழக்கு மன்றத்திலும் முழுச் சான்று ஆகாது. மேலும், அந்த மடல் எழுதப்பட்ட நாளில் இன்றைய புதிய ஏற்பாடு ஒரே நூலாகத் தொகுக்கப்படவே இல்லை. இன்று வழங்கும் 27 நூல்களை அப்படியே வரிசைப்படுத்திக் காட்டிய பழைய பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு கி.பி. 367இல் எழுதிய மடலில் உள்ளது. கத்தோலிக்கரின் ஏட்டில் 73 நூல்கள். சீர்திருத்த சபையாரின் ஏட்டில் 66. எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்று உட்கார்ந்து தெரிந்தவர்கள் மனிதர்கள். ஒருமை தெரிகிறதென்றால், தொகுத்தவர் கையின் பங்கும் அதில் உண்டு அல்லவா?

அழியாமை? அழியாதது தெய்விகம் என்றால், புறநானூறும் தெய்விகம் ஆகவேண்டும்! ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்த ஏட்டை, எவரும் கடவுள் வாக்கு என்று கட்டிக் காக்கவில்லை. இதே காவிரிப் படுகையில், கும்பகோணத்தில் பணியாற்றிய உ.வே. சாமிநாதையர், செல்லரித்த சுவடிகளை ஊர் ஊராகத் தேடி 1894இல் அதனை அச்சேற்றினார். 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்காமலே போயின. தேவாரமோ இறையருள் பெற்றது என்று போற்றப்பட்ட ஏடு. சம்பந்தரின் சுவடி வைகை வெள்ளத்தை எதிர்த்துச் சென்றது என்பது புராணம். ஆனால், தில்லையின் அறையில் பூட்டிக் கிடந்தபோது, வெள்ளத்தை வென்றதாகச் சொல்லப்பட்ட ஏட்டைக் கறையான் வென்றுவிட்டது. எஞ்சியதே போதும் என்று அசரீரி கூறியதாகக் கதை கட்டவேண்டி வந்தது. போற்றிய ஏடும் அழியும். போற்றாத ஏடும் வாழும். இடையில் நிற்பது எது? கை! படி எடுக்கும் கை, பெட்டியில் வைக்கும் கை, நெருப்பிலிருந்து இழுக்கும் கை!

விவிலியத்தின் கதையும் அதுவே. 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுருள்களில் எசாயா நூல் ஒன்று உண்டு. அதுவரை கையிலிருந்த முழு எபிரேயப் படிகளைவிட ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பகுதி ஒத்திருக்கிறது. சிறு வேறுபாடுகள் பல உள்ளன. ஆயிரம் ஆண்டு கைவிட்டுக் கைமாறியும் இவ்வளவு ஒப்புமை என்பது வியப்பே. அதை மறைக்கவேண்டிய தேவை நமக்கில்லை. ஆனால், அந்த வியப்பு எவருக்கு உரியது? விளக்கொளியில் கண் நோக எழுதிய பெயரறியா எழுத்தர்களுக்கு!

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிறர்மனை சேர்ந்தாள் என்று ஒரு பெண்ணை இழுத்து வருகிறார்கள். கல்லெறிந்து கொல்ல நிற்கிறார்கள். இயேசு அந்தக் கூட்டத்தையே தன் குற்றத்தை எண்ணிப் பார்க்க வைத்துக் கலைத்துவிடுகிறார். விவிலியத்தில் இதனினும் உயர்ந்த காட்சி எது? அந்தக் காட்சி, யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கைப்படிகளில் இல்லை. பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று கிறித்தவ ஆய்வாளர்களே கூறுவர். இன்றைய பதிப்புகள் பல அதை அடைப்புக்குறிக்குள் வைத்தோ, அடிக்குறிப்பிட்டோ அச்சிடுகின்றன. மூலத்தில் இல்லை என்பதால் அந்த அறம் மங்கிவிட்டதா? கல்லை எறியலாம் என்று ஆகிவிட்டதா? இல்லையே! அப்படியானால், ஒரு சொல்லின் உயர்வு அது வந்த இடத்தில் இல்லை. அது சொல்லும் அறத்தில் இருக்கிறது. யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைத் தேடு என்றாரே வள்ளுவர், அது இதற்கும் பொருந்தும்.

இப்போது மூதாட்டியின் இரண்டு ஏடுகளுக்கு வருவோம். 'தேவ'னும் 'கடவு'ளும் வானத்திலிருந்து இறங்கவில்லை. நம் கடற்கரையிலிருந்தே புறப்பட்ட கதை அது. காரைக்காலுக்கு வடக்கே சில மைல் தொலைவில் தரங்கம்பாடி. டேனியர் ஆண்ட அந்தத் துறையில், 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு என்ற செருமானியர் வந்திறங்கினார். அகவை 23. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஆசிரியனான எனக்கு இந்தச் செய்தியில் தனி மகிழ்ச்சி! 1708இல் தொடங்கி 1711க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். 1714இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் நடபடிகளும் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை வந்தவர், 1719இல் 36 அகவையில் மறைந்தார். எஞ்சியதைச் சூல்சு முடித்தார். பின்னர் பப்ரிசியுசு திருத்தினார். அதன் பின் நெல்லையில் இரேனியுசு. 1871இல் பவர் தலைமையிலான குழு. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்த பொது மொழிபெயர்ப்பு.

அதற்குள் கடவுளின் பெயரே எத்தனை முறை மாறிற்று! சர்வேசுரன் என்றார் சீகன்பால்கு. பராபரன் என்றார் பப்ரிசியுசு. தேவன் என்றது பவர் குழு. கடவுள் என்றது பொது மொழிபெயர்ப்பு. இதில் இன்னொரு விந்தை: யாழ்ப்பாணத்தில் பார்சிவல் பாதிரியார் தலைமையில் உருவாகி 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்புக்குத் தமிழ் தந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர்! விவிலியத்தை இறைவாக்கு என்று நம்பாத சைவர். 1854இல் கிறித்தவத்தை மறுத்துச் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியவர். நம்பியவன் கை மட்டுமல்ல, நம்பாதவன் கையும் சேர்ந்தே இந்த ஏட்டை நமக்குத் தந்திருக்கிறது.

அப்படியானால், நான்காவது காரணம்? அனுபவம்? நெஞ்சு மாறுகிறது என்கிறார்களே, அது பொய்யா?

பொய்யன்று. அதற்கும் தரங்கம்பாடியே சான்று தருகிறது. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர் ராஜநாயக்கன். ஒடுக்கப்பட்ட சாதியினர், கத்தோலிக்கக் குடும்பத்தினர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி ஏடு ஒன்று அவர் கைக்கு வந்தது. படித்தார்; படித்தார்; உறங்காமல் படித்தார். படைப் பணியைத் துறந்து, 1720களின் இறுதியில் தரங்கம்பாடிச் சபையின் உபதேசியானார். 1771இல் மறையும் வரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாகத் தஞ்சைச் சீமையில் அடியும் வசையும் தாங்கி உழைத்தார். ஏடு ஒரு மனிதனை மாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால், தோழர்களே, கதை அங்கே முடியவில்லை. 1733இல் முதன்முதலாகத் தமிழர் ஒருவருக்குக் குருப்பட்டம் தரப்பட்டது. பெற்றவர் ஆரோன், வேளாளர். அடுத்து 1741இல் தியோகு என்பவர் பெற்றார். ராஜநாயக்கன்? அறிவு இருந்தது, ஆர்வம் இருந்தது, உழைப்பு இருந்தது. பட்டம் மட்டும் வரவில்லை! அவர் கையால் அப்பமும் இரசமும் வாங்க உயர்சாதிக் கிறித்தவர் இசையார் என்பதே தடை. அவரை மாற்றிய அதே ஏட்டைத்தான் அவர்களும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்! அதே ஏட்டைத்தான் கடவுளின் வாக்கு என்றார்கள்! ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்துகொண்டே, எல்லோரும் ஒருவரே என்று வாசித்தார்கள்!

ஏடு தெய்விகம் என்ற நம்பிக்கை அங்கே குறைவாகவா இருந்தது? நிறைவாகவே இருந்தது. அறம்தான் குறைந்தது.

இதைக் கிறித்தவர்களை மட்டும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தேவாரம் முழங்கிய கோயில்களின் கதவு, அதே மக்களுக்கு எத்தனை நூற்றாண்டு அடைபட்டுக் கிடந்தது! மதுரைக் கோயிலில் அவர்கள் நுழைய 1939 வரவேண்டியிருந்தது. நம் நாளிலும், திருச்சிராப்பள்ளியில் கல்லறைத் தோட்டத்தையே சாதியால் பிரித்த சுவரை எதிர்த்துப் போராடவேண்டி வந்தது. போராடியவர்களும் கிறித்தவர்களே, அவர்களும் அதே ஏட்டைத்தான் வாசித்தவர்கள்! சுவர் எழுப்பியவனும் அதைப் படித்தான். சுவரை இடிக்கச் சொன்னவனும் அதைப் படித்தான். இருவருக்கும் நடுவே தீர்ப்பளிப்பது எது? ஏடா? ஏட்டை வாசிக்கும் மனிதனின் மனச்சான்றா?

இந்தக் கேள்வி நம் அலமாரிக்கும் உரியது. தலைவர் சொன்னார் என்பதற்காகவே ஒன்றை நம்பி, தலைவர் நூலை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, வீட்டில் மட்டும் சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் பகுத்தறிவாளன், ராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுத்தவனின் உடன்பிறப்பு! எந்த ஏடானாலும் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். எவரிடமிருந்து வந்தது என்பது முதற்கேள்வி. எவரை உள்ளே விடுகிறது என்பது முதன்மைக் கேள்வி.

மறுவாரம் மீண்டும் அந்தத் திண்ணைக்குச் சென்றோம். தோழர் மூதாட்டியின் கண்ணாடியை வாங்கிக் காரைக்காலில் கம்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். இம்முறை கேள்வி கேட்கவில்லை. ராஜநாயக்கனின் கதையைச் சொன்னோம். மூதாட்டி நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேதம் படிச்சவுங்களா அப்படிச் செஞ்சாங்க?" என்றார்.

கவனியுங்கள், தோழர்களே! விடை தேடி அவர் ஏட்டைப் புரட்டவில்லை. செய்தது தவறு என்று அவருக்கு அக்கணமே தெரிந்திருந்தது.