கேட்பவரும் ஓடியவரும்

வலையொலி, அதாவது வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளும்படி இணையத்தில் வைக்கப்படும் ஒலிப்பதிவு, நீண்ட உரையாடலுக்கு இசைவான வடிவம். ஆயினும் கல்லூரித் தடகளத்தில் பெண்கள் என்னும் பொருளுக்காக ஒருவர் ஒலிவாங்கியை எடுத்து வைக்கும்போது, என்ன கேட்பது என்பதைவிட யாரைக் கேட்பது என்பதே பெரிய சிக்கலாகிறது. பொன்முடி மலைக்குச் செல்லும் வழியிலுள்ள வித்துராவிலிருந்து இதை எண்ணிப் பார்ப்பவருக்குச் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஏனெனில் அருவிக்கரையை அடுத்த மைலத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியும், காரியவட்டத்தில் 1985இல் தொடங்கப்பட்ட இலட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் இருக்கும் இந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்தில், ஒரு காலத்தில் ஓடிய பெண்ணைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இருந்தும் நேர்காணல் செய்பவரின் மனம் முதலில் கேரளத்தின் ஓட்ட வீராங்கனை பி.டி. உஷாவிடமே போகும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை உஷா 55.42 நொடிகளில் முடித்தார்; வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. அந்த நூறில் ஒரு நொடியைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு, கேள்வியும் விடையும் தேய்ந்துவிட்டன. அதே பந்தயத்தில் தங்கம் வென்ற மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் அப்போது அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழக மாணவி என்பதை இங்கே யாரும் பேசுவதில்லை. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1972இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், பின்னாளில் கல்லூரி மைதானங்களைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. உஷாவுக்குப் பின்னால் இருந்ததோ கண்ணூர் விளையாட்டு விடுதியும் ஓ.எம். நம்பியார் என்ற பயிற்சியாளரும். பந்தயத்தை இப்படிப் பார்த்தால், வியப்பு நான்காம் இடத்தில் இல்லை, அந்த வரிசையில் அவர் நின்றதில் இருக்கிறது.

கேரளத்தில் அத்தகைய சட்டத்தின் இடத்தை நிரப்பியவை, சற்று எதிர்பாராத விதமாக, திருச்சபை சார்ந்த மகளிர் கல்லூரிகள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற எம்.டி. வல்சம்மா பாலக்காடு மெர்சி கல்லூரியிலிருந்தும், ஓட்ட வீராங்கனை ஷைனி வில்சன் பாலா அல்போன்சா கல்லூரியிலிருந்தும், நீளம் தாண்டும் வீராங்கனை அஞ்சு பாபி ஜார்ஜ் திருச்சூர் விமலா கல்லூரியிலிருந்தும் வந்தவர்கள். கன்னியாஸ்திரிகளின் கண்காணிப்பில், குறித்த நேரத்தில் கதவடைக்கும் ஹாஸ்டல் என்பது, மகளை அரைக்கால் சட்டையில் ஓட அனுப்பத் தயங்கிய மலையோர விவசாயக் குடும்பங்களுக்கு உறுதியளித்திருக்கும். கட்டுப்பாடே அனுமதியாக மாறிய விந்தை இது. ஸ்போர்ட்ஸ் கோட்டா எனப்படும் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல் துறையிலோ வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உடன் இருந்தது. பதக்கம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே கேட்கப்பட வேண்டியவர் பதக்கம் வென்றவர் அல்லர், பல்கலைக்கழகப் போட்டியோடு நின்றுபோனவர். ஆனால் கேட்பதிலும் ஆபத்து உண்டு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன், பாலினச் சோதனையின் பெயரால் பதக்கத்தை இழந்த பின், ஊடகங்களின் கேள்விகளையும் எதிர்கொள்ள நேர்ந்தது. பரிவோடு கேட்கப்பட்டாலும், உடலைப் பற்றிய கேள்வி இன்னொரு சோதனையாகிவிடக்கூடும். வலையொலிக்கே உரிய குறை வேறு: பேச்சின் இடைவெளிகளைத் தொகுப்பவர் வெட்டிவிடுகிறார், ஓடியவரின் விடையோ பல நேரங்களில் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கடைசியாக ஓடிய நாள் எது, ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணியை அதற்குப்பின் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிவை நிறுத்தாமல் காத்திருக்கலாம்.