சொல்லிக்கொள்வதால் ஆவதா?

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு மாணவரிடம் என்ன படிக்கிறாய் என்றால், "பிரீ-மெட்", அதாவது மருத்துவப் படிப்புக்கான ஆயத்தம், என்று பதில் வரலாம். பெரும்பாலான கல்லூரிகளில் அப்படியொரு பட்டமே கிடையாது. வரலாறோ இசையோ முதன்மைப் பாடமாக எடுத்தவரும், உயிரியல், வேதியியல், இயற்பியல் வகுப்புகளை முடித்து எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதினால் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆக, அந்தச் சொல் குறிப்பது படிப்பை அல்ல, ஓர் ஆசையை. ஆசையை அடையாளமாகச் சொல்லிக்கொள்வது பொய்யா? சில சொற்கள் செய்தி சொல்வதில்லை, சொல்வதாலேயே ஒரு செயலை நிகழ்த்துகின்றன என்றார் தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின், வாக்குக் கொடுப்பது அப்படி. ஆனால் வாக்கென்றால் அதைப் பெற்றுக்கொள்ள எதிரே ஒருவர் வேண்டும். இந்த மாணவரின் வாக்கை எந்த நோயாளி பெற்றுக்கொண்டார்?

தன்னை அப்படி அறிவிக்காவிட்டால், கடினமான கரிம வேதியியலை யார் தாக்குப்பிடிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான், பெயர் ஒரு பிடிமானம். அதே பெயர் கண்ணையும் மறைக்கும். மருத்துவமனையில் தொண்டு செய்யும் மாணவர், முதியவரைச் சக்கர நாற்காலியில் எக்ஸ்ரே அறைவரை கொண்டுபோய் விட்டதும், விண்ணப்பத்துக்காக நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். அந்த அரைமணி யாருக்கானது? இருவருக்கும்தான் என்பேன், கடமைக்காகவே செய்தால்தான் ஒரு செயலுக்கு அறமதிப்பு என்ற தத்துவ அறிஞர் கான்ட் அளவுக்குக் கறார் எனக்கு வராது. நாற்காலி தள்ளித் தள்ளியே அக்கறை பழகும் என்பது அரிஸ்டாட்டில் பக்கத்து வாதம், எனக்கு அதுவே பிடிக்கிறது. அப்படிப் பார்த்தால், இரண்டாம் ஆண்டில் வேதியியலில் சறுக்கி விலகுபவர் பொய் சொன்னவரும் அல்ல, வாக்குத் தவறியவரும் அல்ல. அவர் தள்ளிய நாற்காலியில் முதியவர் எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்ந்துதான் இருந்தார்.