பழுதுபார்க்கும் உரிமை யாருக்கு?

ஒருவர் கையில் கருவியைக் கொடுப்பது ஒன்று. அக்கருவியின்மீது அவருக்கு ஆட்சியைக் கொடுப்பது இன்னொன்று. கலப்பையின் கொழு தேய்ந்ததும் அதைச் சீர்செய்துகொள்ள எந்த வழியும் இல்லாத உழவனைக் கலப்பைக்குச் சொந்தக்காரன் என்று பெயரளவில்தான் சொல்லலாம். கருவி நலமாக இருக்கும்வரை அவன் சுதந்திரன். அது பழுதுபட்ட கணத்தில் இன்னொருவரின் தயவை எதிர்நோக்குபவன். விழிப்புலனற்றோரும் கணினியும் என்ற பொருளை ஆராயும்போது இந்த வேறுபாட்டை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில், இத்துறையில் ஈட்டப்பட்ட பெரிய வெற்றிகளுக்கிடையே, கணினியின் வன்தட்டு பழுதுபடும்போது அதைத் திருத்துவதற்கான மென்பொருள்கள் விழிப்புலனற்றவர்களுக்குப் பயன்படுமா என்ற கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படாமலே போய்விடுகிறது.

வெற்றிகளை முதலில் கூறுவதே நேர்மையாகும். திரையில் தோன்றும் எழுத்தைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பான்கள் 1980களில் உருவாயின. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாச்சர் இத்துறையின் முன்னோடியாக உழைத்தார். விபத்தொன்றில் பார்வையை இழந்த டெட் ஹென்ரர் 1989 இல் ‘ஜோஸ்’ என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டார். இவற்றின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நிலையில், அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கல் கறன் 2006 இல் ‘என்.வி.டி.ஏ.’ என்ற திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கினார். எவரும் இலவசமாகப் பெறக்கூடியதும், மூல நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டதுமான மென்பொருள் அது. பார்வையற்ற மாணவர் பிறர் உதவியின்றி நூலைப் படிக்கவும், கட்டுரை எழுதவும், தம் அந்தரங்கக் கடிதங்களைத் தாமே வாசிக்கவும் வழி பிறந்தது.

ஆயினும், திரைவாசிப்பான் தனித்து நிற்கும் பொருள் அன்று. அது விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை ஒன்றின் தோள்மீது அமர்ந்திருக்கும் இன்னொரு மென்பொருள். அந்த முறைமையோ வன்தட்டில் உறைகிறது. வன்தட்டு பழுதுபட்டால் முறைமை எழுவதில்லை. முறைமை எழாவிடின் குரலும் எழுவதில்லை. பார்வையுள்ளவர் திரையில் தோன்றும் பிழைச் செய்தியையேனும் காண்கிறார். பார்வையற்றவர் முன் இருப்பது மௌனம். இயந்திரம் இறந்துவிட்டதா, அல்லது ஒரு விசையை அழுத்துமாறு கேட்டுக் காத்திருக்கிறதா என்பதை அவர் அறியார். உதவி மிகவும் வேண்டப்படும் வேளையிலேயே உதவிக் கருவி முதலில் ஊமையாகிறது.

பழுதுபார்க்கும் மென்பொருள்களிற் பல, பழுதுபட்ட தட்டிலுள்ள முறைமையை ஒதுக்கிவிட்டு, வேறொரு சாதனத்திலிருந்து நேரே தொடங்குபவை. உதாரணமாக, ‘ஸ்பின்றைற்’ என்னும் பெயர்பெற்ற மென்பொருளை நோக்குவோம். 2004 இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பும், இருபது ஆண்டுகள் கழிந்து 2024 இல் வெளிவந்த 6.1 பதிப்பும் பழைய டொஸ் வகையைச் சேர்ந்த சிறு முறைமையொன்றின் மீதே இயங்குகின்றன. தொழில்நுட்ப நோக்கில் இதற்குத் தக்க காரணம் உண்டு: இடையில் வேறெதுவும் குறுக்கிடாமல் தட்டை நேரே அணுகலாம். ஆனால் விண்டோஸில் பேசும் திரைவாசிப்பான் அங்கே நுழைய இயலாது. வேறு சில மென்பொருள்கள் விண்டோஸிலேயே இயங்குகின்றன; எனினும் தட்டின் நிலையைப் பச்சை, சிவப்பு எனப் பல நிறக் கட்டங்களாகக் காட்டுகின்றன. நிறத்துக்குக் குரல் இல்லை. கட்டத்தோடு ஒரு சொல்லோ எண்ணோ இணைக்கப்படாவிடின், திரைவாசிப்பான் வாசிப்பதற்கு அங்கே எதுவுமில்லை.

இது பார்வையின்மையின் தவிர்க்க முடியாத விளைவுதானே என்று சிலர் கூறக்கூடும். வன்தட்டின் இயல்பை நோக்கினால் இக்கூற்றின் பொய்ம்மை புலனாகும். தட்டு தன் நலிவை நிறங்களில் தெரிவிப்பதில்லை, எண்களில் தெரிவிக்கிறது. பழுதுற்றதால் மாற்றீடு செய்யப்பட்ட பகுதிகள் எத்தனை என்பதை அதன் சுயபரிசோதனைப் பட்டியலின் 5 ஆம் இலக்கத்திலும், வாசிக்க இயலாமல் தீர்வுக்குக் காத்திருக்கும் பகுதிகள் எத்தனை என்பதை 197 ஆம் இலக்கத்திலும் பெரும்பாலான தட்டுகள் தாமே பதிந்து வைக்கின்றன. ‘ஸ்மார்ட்சிரிஎல்’ என்னும் எளிய கட்டளை இப்பட்டியலை வெறும் எழுத்தாகத் தருகிறது. ‘டிடிறெஸ்கியூ’ என்னும் மீட்பு மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டுப் பின்னரே பழுதான பகுதிகளுக்குத் திரும்பி வருகிறது. எவை மீண்டன, எவை மீளவில்லை என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் குறித்து வைக்கிறது. திரைவாசிப்பான் இயங்கும் இன்னொரு கணினியோடு பழுதான தட்டை இணைத்தால், பார்வையற்றவர் இக்கருவிகளைக் கொண்டு தாமே அப்பணியைச் செய்யலாம். ஆகவே செய்தி இயல்பிலேயே எல்லோருக்கும் உரியது. அதனை நிறமாக மட்டும் மாற்றிப் பார்வையுள்ளவர்க்கே உரியதாக்கியது வடிவமைத்தவரின் முடிவு.

இந்த உண்மையைச் சமூகக் கோட்பாடாக வகுத்தவர்கள் மாற்றுத்திறனாளிகளே. பிரித்தானியாவில் ஒதுக்கலுக்கு எதிராகத் திரண்ட உடல் ஊனமுற்றோர் சங்கமொன்று 1976 இல் வெளியிட்ட அறிக்கையில், உடலின் குறைபாடு வேறு, அக்குறைபாடு உடையவர்மீது சமூகம் சுமத்தும் இயலாமை வேறு என்று தெளிவுறப் பிரித்துக் காட்டியது. அச்சங்கத்தின் முக்கியஸ்தர்களுள் ஒருவரான விக் ஃபிங்கெல்ஸ்ரைன், தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர் என்பது கருதத்தக்கது. ஒரு கூட்டத்தாரைப் படிக்கட்டாலோ சட்டத்தாலோ வெளியே நிறுத்திவிட்டு, வெளியே நிற்பது அவர்களின் இயல்பு என்று கூறும் தந்திரத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இங்கே இரு ஆட்சேபங்கள் எழும். முதலாவது: பார்வையுள்ளவர்களிலும் பலர் தம் கணினியைத் தாமே திருத்துவதில்லை, தொழில்நுட்பவியலாளரிடம் கொண்டு செல்கிறார்கள். பார்வையற்றவரும் அவ்வாறு செய்தால் என்ன? மனிதர் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கின்றனர் என்பது உண்மை. சமுதாயம் என்பதே அதுதான். ஆனால் விரும்பிச் சார்ந்திருப்பதும், வேறு வழியின்றிச் சார்ந்திருப்பதும் ஒன்றல்ல. வன்தட்டில் ஒருவரின் கடிதங்கள் உள்ளன, வங்கிக் கணக்குகள் உள்ளன, மருத்துவ அறிக்கைகள் உள்ளன. இவற்றை யார் முன் திறந்து வைப்பது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை அவருக்கு வேண்டும். மேலும், நலிந்த தட்டு காத்திருப்பதில்லை. அதைத் தொடர்ந்து சுழலவிடும் ஒவ்வொரு மணித்தியாலமும் இழப்பைப் பெருக்கலாம். இவற்றிலும் முக்கியமானது, ‘தொழில்நுட்பவியலாளர்’ என்று நாம் கூறும்போதே அவர் பார்வையுள்ளவர் என எண்ணிக்கொள்கிறோம். கணினி திருத்தும் தொழிலைப் பார்வையற்ற ஓர் இளைஞர் ஏன் செய்யக்கூடாது? கருவிகளை மூடி வைப்பவர்கள் அவருடைய கணினியை மட்டுமன்றி, ஒரு தொழிலையும் அவரிடமிருந்து பறிக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது: சிலருக்காகப் பெருஞ்செலவு செய்ய இயலுமா? ஆயத்த நிலையில் மறந்துவிட்டு இறுதியில் ஒட்டுப்போட முனையும்போதே செலவு பெருகுகிறது. நிறத்தோடு ஓர் எண்ணையும் வைப்பதற்கும், முடிவை எழுத்துக் கோப்பாகத் தருவதற்கும், சுட்டியின்றி விசைப்பலகையாலேயே இயக்க வகை செய்வதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. குரலுடன் தொடங்கும் மீட்புச் சூழல்களும் இன்று இயலாதவை அல்ல. டெபியன் லினக்ஸை நிறுவும் வட்டு, தொடக்கப் பட்டியலில் ‘எஸ்’ விசையை அழுத்தினால் பேசத் தொடங்குகிறது. லினக்ஸின் கருவோடு இணைந்து இயங்கும் ‘ஸ்பீக்கப்’ என்னும் திரைவாசிப்பானும் உண்டு. ஆயினும் 2010 இல் சோதனைப் பகுதியில் இடம்பெற்ற அது நிரந்தர இடத்தை அடைந்தது 2020 இல்தான். செய்ய முடியாதென்பதற்கும் செய்ய மனமில்லை என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அந்தப் பத்தாண்டுகள் ஓரளவு காட்டுகின்றன.

வரலாறு இதையே முன்னரும் காட்டியது. பாரிசின் விழிப்புலனற்றோர் பாடசாலையில், பார்வையுள்ளோர் பயிலும் எழுத்துக்களையே புடைப்பாக அச்சிட்டுப் பார்வையற்ற பிள்ளைகளை விரலால் தடவச் செய்தனர். அதே பாடசாலையின் மாணவரான லூயி பிரெயில், விரலுக்கு இசைந்த புள்ளி எழுத்தைத் தம் பதினைந்தாம் வயதளவில் வகுத்தார். பார்வையுள்ள ஆசிரியர்களுக்குப் பழக்கமற்றது என்பதனால் அது நெடுநாள் எதிர்க்கப்பட்டது. பிரெயில் 1852 இல் மறைந்தார்; அவரது எழுத்துமுறை அங்கு அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது 1854 இல். கற்பவரின் விரலைவிடக் கற்பிப்பவரின் கண்ணே பெரிதாக மதிக்கப்பட்டது. நிறக் கட்டங்களைக் காட்டும் மென்பொருளும் அந்தப் பழைய புடைப்பெழுத்தின் வழித்தோன்றலே.

2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, தகவல் தொழில்நுட்பம் யாவருக்கும் எட்டத்தக்கதாக ஆரம்ப நிலையிலேயே வடிவமைக்கப்படுவதை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அவ்வாறு செய்தாற் செலவும் குறையும் என்பதையும் அதுவே சுட்டுகிறது. இலங்கை 2016 இல் அதற்கு இசைவளித்துள்ளது. ஆனால் ஏட்டிலுள்ள உறுப்புரை தானாக இயங்குவதில்லை. கணினி கற்பிக்கும் ஆசிரியர், தாம் தெரிவு செய்யும் மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு இயக்கத்தக்கதா என்று ஒருமுறை சோதிக்கலாம். நிரலெழுதும் மாணவர், தம் திரையில் நிறம் மட்டும் கூறும் செய்தியைச் சொல்லாலும் கூறலாம். இவை கருணையின்பாற்பட்ட செயல்களல்ல. உழைப்பில் பங்குகொள்ளும் உரிமை உள்ளவர்க்குக் கருவியை முழுமையாகக் கையளிக்கும் கடமையே இவை. தன் கருவி முறிந்தபோது அதைத் தன் கையாலேயே திருத்திக்கொள்ள வழியுடையவரே, அக்கருவிக்கு உண்மையில் உரியவர்.