சும்மா விட்ட பல்

வைத்தியர் ஒருவர் தமக்குத் தெரிந்த வித்தையைக் காட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாம் அவருக்குப் பணம் கொடுப்போமா? கொடுக்க மாட்டோம். ஊசி போடாத டாக்டரை ஊரில் யாரும் டாக்டராக மதிப்பதில்லை. நானும் அப்படி நினைத்தவன்தான். போன வருஷம் நெய்வேலியில் ஒரு பல் வைத்தியரின் வாசல் பெஞ்சில் உட்கார நேர்ந்தபோது அந்த நினைப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது.

என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பையனுக்குப் பதினாலு வயது. பல் சொத்தையோ என்று அவளுக்குக் கவலை. "நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், அண்ணா, அவனை அழைத்துக்கொண்டு போய் வாருங்களேன்" என்றாள். கதை எழுதுகிறவன் எப்போதும் சும்மா இருப்பவன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். போனேன்.

அதே பெஞ்சில் ஒரு அம்மாளும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்கும் அதே வயதுதான் இருக்கும். கம்மாபுரத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். கம்மாபுரம் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகிற சாலையில் இருக்கிறது. நெல்லும் கரும்பும் விளைகிற பூமி. 2021-லிருந்து நம் மாநிலத்தில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. "பஸ்ஸுக்குக் காசு இல்லீங்க. ஆனா இன்னைக்கு நடவு போச்சே" என்றாள். அந்த ஒரு நாள் கூலிதான் அவளுடைய உண்மையான பிரயாணச் செலவு.

உள்ளே ஒரே அறை. நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். முதலில் எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு சின்ன நிழலைக் காட்டினார். "இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஏதோ மருந்தைத் தடவினார். இனிப்பைக் குறைக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அவ்வளவுதான்.

அடுத்தது அந்தப் பெண். அவளுக்கும் படம் எடுத்தார். "அந்தப் பையனுக்கு இருக்கிற மாதிரியே இவளுக்கும் ஒரு நிழல்" என்று உதவியாளரிடம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் யந்திரம் 'கிர்' என்று சுழல ஆரம்பித்தது. பல்லைக் குடைந்து அடைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. டவுன்ஷிப் பையனுக்குப் புத்திமதி. கம்மாபுரத்துப் பெண்ணுக்குக் குடைச்சலும் செலவுமா? இரவெல்லாம் இதே யோசனை. மறுநாள் சாயங்காலம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அவரிடம் போய்க் கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "முதலில் பல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், சார்" என்று ஆரம்பித்தார்.

நாம் இனிப்புத் தின்கிறோம். வாயிலுள்ள கிருமிகள் அதைப் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பு பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து எடுக்கிறது. பிறகு எச்சில் ஊறி, போனதில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. தினமும் பல தடவை நடக்கிற வரவு செலவு இது. செலவு மிஞ்சிக்கொண்டே போனால் முதலில் வெள்ளைத் தழும்பு விழுகிறது. குழி விழுவது அதற்கு வெகு காலம் பின்னால். மேல் ஓடு உடையாத வரையில் கணக்கைச் சரிக்கட்ட வழி உண்டு. புளோரைடு கலந்த பற்பசையும் மருந்தும் அந்த வரவுக்குத்தான் உதவி செய்கின்றன.

ஆனால் வெட்டிவிட்டால் வழி இல்லை. நகம் வளரும், முடி வளரும். பல்லின் எனாமல் வளராது. அடைத்த அடைப்பு ஆயுள் முழுவதும் நிற்காது. பெயரும், அடுத்த தடவை இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும். அதற்கப்புறம் வேர் சிகிச்சை, அப்புறம் மேலே ஒரு தொப்பி, கடைசியில் பிடுங்குவது. "முதல் வெட்டு என்பது இறங்கு படிக்கட்டில் முதல் படி, சார். அதனால்தான் அதைத் தள்ளிப்போடப் பார்க்கிறோம்" என்றார் டாக்டர்.

இந்த ஞானம் லேசில் வந்ததல்ல. அமெரிக்காவில் ஜி. வி. பிளாக் என்றொரு மேதை இருந்தார். இன்றைய பல் வைத்தியத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர், 1915-இல் காலமானார். பின்னால் சொத்தை வரக்கூடிய நல்ல பகுதியையும் சேர்த்து இப்போதே வெட்டிவிட வேண்டும் என்பது அவருடைய போதனை. அவர் காலத்து அடைப்புச் சாமான்களுக்கும் அன்றைய அறிவுக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. இரண்டு மூன்று தலைமுறை வைத்தியர்கள் அதன்படி நல்ல பல்லை வெட்டினார்கள். பேராசையால் அல்ல, மனச்சாட்சியோடு வெட்டினார்கள். இன்றோ, நரம்புக்குப் பக்கத்தில் மெத்தென்று இருக்கும் சொத்தையைக்கூடச் சுரண்டாமல் விட்டு, மேலே காற்றுப் புகாமல் மூடினால் உள்ளேயுள்ள கிருமிகள் பட்டினி கிடந்து அடங்கிவிடும் என்கிறார்கள். யோக்கியன் செய்தது என்பதற்காக ஒரு காரியம் சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யோக்கியர் அல்லாதவர்களும் உண்டு. 1997-இல் அமெரிக்காவின் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகைக்காக ஒரு நிருபர் தம் ஒரே வாயை ஐம்பது பல் வைத்தியர்களிடம் திறந்து காட்டினார். ஐந்நூறு டாலருக்கும் குறைவாகச் சொன்னவர் உண்டு; முப்பதாயிரம் டாலரை நெருங்கியவரும் உண்டு. வாய் ஒன்றுதான், பார்த்த கண்தான் வேறு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள். வெட்ட வேண்டிய பல்லை வெட்டாமல் விட்டால், அது ஒரு நாள் ராத்திரி வலித்து ஊரைக் கூட்டி வைத்தியரைக் காட்டிக்கொடுக்கும். வெட்ட வேண்டாத பல்லை வெட்டினாலோ, சாட்சி சொல்ல யாரும் இல்லை. "நான் நன்றாகத்தான் இருந்தேன்" என்று சொல்லக்கூடிய அந்தத் துணுக்கு குடைந்தபோதே தூளாகித் தொட்டியில் போய்விட்டது. மேலே பளபளவென்று அடைப்பு, வைத்தியருக்குக் கூலி, நோயாளிக்குத் திருப்தி. சும்மா விடுகிற தவறு கூச்சல் போடும். வெட்டுகிற தவறு நன்றி வாங்கிக்கொண்டு போகும். இந்த நிலைமையில் கையை நிறுத்துகிறவன் யாருக்காக நிறுத்துகிறான்? எவரும் பார்க்காத இடத்தில் தன் மனச்சாட்சி ஒன்றுக்காகத்தான்.

"இவ்வளவு தெரிந்த நீங்கள் அந்தப் பெண்ணின் பல்லை ஏன் வெட்டினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பழைய கதையைச் சொன்னார். முன்பு இதே போல ஒரு கிராமத்துப் பெண். இதே மாதிரி நிழல். புத்தகத்தில் சொன்னபடி, "ஆறு மாதம் கழித்து வா" என்று அனுப்பினார். அவள் மூன்று வருஷம் கழித்து வந்தாள், கன்னம் வீங்கி, காய்ச்சலோடு. பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. "அவள் வீட்டில் வேலை நிற்கவில்லை, சார், அவள் வரவில்லை. காத்திருக்கிற வைத்தியம் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் வைத்தியம். வராதவர்களுக்கு அது கைவிடுதல். உங்கள் மருமகனை உங்கள் தங்கை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். இந்த அம்மாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இன்னொரு தரம் வருவாள் என்று நான் எப்படி நம்புவது?"

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு அங்கம் சொன்னார்: நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவன். பல்லை வெட்டும் வைத்தியத்துக்கு நடு இரண்டும் போதும். வெட்டாத வைத்தியத்துக்கு முதலும் கடைசியும்தான் முக்கியம். தினமும் பல் துலக்குகிற கையும், நாள் தவறாமல் கூட்டிவருகிற தாயும் இல்லாவிட்டால் அங்கே வைத்தியர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஒரே நிழலுக்கு இரண்டு தீர்ப்பு இருக்கலாம். அதை அநியாயம் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன்.

மீதிப் பாதி இறங்கவில்லை. "வருவாயா என்று அந்த அம்மாளைக் கேட்டீர்களா?" என்றேன்.

"கேட்கவில்லை" என்றார்.

நானும் அதற்குமேல் பேசவில்லை. கேட்டால் எல்லோரும் வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவர் அனுபவம் அப்படி. இருந்தாலும் ஒருத்தியின் புடவையையும் ஊர்ப் பெயரையும் பார்த்து, அவள் திரும்பி வரமாட்டாள் என்று முடிவு கட்டுவதற்கு அனுபவம் மட்டும் போதுமா? எக்ஸ்ரே பல்லின் நிழலைக் காட்டும். மனுஷியின் மனத்தைத் தெரிந்துகொள்ளக் கேள்வி ஒன்றுதான் கருவி. கேட்டுவிட்டு நம்பாமல் இருக்கலாம். கேட்காமலே நம்பாமல் இருப்பது வேறு.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது இன்னொன்றும் தோன்றியது. 1957-இல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கம் இது. கரியை எடுக்க மேல் மண்ணை வெட்டத்தான் வேண்டும். அந்தக் கரியில் எரியும் விளக்கில்தான் நானும் எழுதுகிறேன். ஆனால் வெட்டிய நிலம் மறுபடி பழைய நிலமாவதில்லை என்பதை இந்தச் சுற்றுவட்டாரத்துக் குடியானவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெட்டுவது சரியா தப்பா என்பது ஒரு கேள்வி. வெட்டுவதற்கு முன் யாரைக் கேட்டார்கள் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதற்கும் சொன்னதாக ஆகாது.

ஏழெட்டு மாதம் கழித்துத் தங்கை டெலிபோனில் பேசினாள். பையனுக்குத் திரும்பப் படம் எடுத்தார்களாம். நிழல் அப்படியே இருக்கிறதாம், வளரவில்லை. டாக்டர் எனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாராம்.

கம்மாபுரத்து அம்மாள் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தாளாம், சொன்ன தேதியில். அடைப்பு நன்றாக இருக்கிறதாம்.

"அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார், அண்ணா. 'உங்கள் அண்ணாவிடம் சொல்லுங்கள், இப்போதெல்லாம் கேட்கிறேன்' என்றார். எதைக் கேட்கிறாராம்?" என்றாள் தங்கை.