எண்ணும் நீதியும்

மனிதர் மனிதரை மதிப்பிடாது வாழ்தல் இயலாது. ஆசிரியர் மாணவனை மதிப்பிடுகின்றார்; முதலாளி தொழிலாளியை மதிப்பிடுகின்றார்; ஊர் தன் இளைஞரை மதிப்பிடுகின்றது. இம்மதிப்பீடுகளுட் பல முடிந்துபோன ஒன்றைப் பற்றியவை அல்ல. வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பற்றியவை. முடிந்ததை அளப்பதற்கும் வளர்வதை அளப்பதற்கும் இடையே அறநெறி சார்ந்த வேறுபாடு உண்டா என்பது ஆராயத்தக்க வினாவாகும். விளையாட்டுத் திடல் இவ்வினாவைத் தெளிவுற எழுப்பும் ஓரிடம். ஏனெனில் அங்கே அளவுகோல் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் எண்ணாக நிற்கின்றது.

ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ பதினேழு வயது இளைஞன் ஒருவன் முன்வரிசையில் உதைபந்தாடுகின்றான் எனக் கொள்க. அவன் ஓடுகின்றான், எதிரணிக் காவலரைத் தன்பால் இழுத்து மற்றையோருக்கு வழி திறக்கின்றான், ஆயினும் ஒரு பருவம் முழுவதிலும் அவன் பெயரில் கோல் எதுவும் விழவில்லை. “பெடியன் நல்லா ஓடுறான்தான், ஆனால் கோல் இல்லையே” என்று வேலியோரம் நிற்போர் கூறுகின்றனர். அடுத்த ஆண்டு அணியில் அவன் பெயர் இல்லை. எவரும் அவனுக்குத் தீங்கு நினைக்கவில்லை. எண்ணைப் பார்த்தனர், முடிவு செய்தனர். இம்முடிவு நீதியானதா?

இதனை ஆராய்வதற்கு ஹொக்கி ஆட்டம் தக்க உரைகல்லாக அமையும். தீவகத்தில் அது உதைபந்தாட்டம் போல வேரூன்றிய விளையாட்டன்று. ஆயினும் செயலைச் செய்தவர் ஒருவராகவும் எண்ணைப் பெறுபவர் இன்னொருவராகவும் இருக்கும் நிலை அவ்வாட்டத்தில் வெளிப்படையாகத் தெரிகின்றது. ஹொக்கியில் கோல் முன்னுள்ள வட்டத்தினுள் வைத்து அடித்தாலன்றிக் கோல் செல்லாது. முன்கள வீரன் பந்தோடு அவ்வட்டத்தினுள் நுழைகையில் அது காவலரின் காலிற் பட்டால் பெனால்டி கோணர் கிடைக்கும். அதனை அடிப்பதற்குப் பெரும்பாலும் பின்களத்திலிருந்து ஒருவர் வருவார். 2024 ஆம் ஆண்டு பரிஸ் ஒலிம்பிக்கில் அதிக கோல்களை அடித்தவர் இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங். அவர் அடித்தவை 10 கோல்கள். அவர் ஒரு பின்கள வீரர். ஸ்பெயினை 2-1 என வென்று இந்தியா வெண்கலம் பெற்ற ஆட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவையே. அவரது திறமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயின் அத்தகைய வாய்ப்புகளை ஈட்டித் தருவதில் முன்கள வீரரின் ஓட்டத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதைக் கோல் கணக்கு கூறுவதில்லை.

எண் மறைக்கும் உண்மைக்கு யாழ்ப்பாண மண்ணிலேயே சான்றுண்டு. வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2019 ஆம் ஆண்டு லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களை இட்டு எல்லா நாட்டவரையும் முந்தினார். அதே போட்டியில் 16 அணிகளுள் இலங்கை 15 ஆம் இடத்தையே பெற்றது. ஒருவரது எண்ணை மாத்திரம் கண்டவர் அவ்வணியை உலகின் முதலணி என்பர். அணியின் இடத்தை மாத்திரம் கண்டவர் அவ்வீராங்கனையைச் சாதாரணர் என்பர். இருவரும் பிழைபட்டோரே.

இதற்கு மறுதலையான சான்று தன்ராஜ் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, உடைந்த மட்டைகளைக் கொண்டு ஆடப் பழகிய அவர், 1992 தொடக்கம் 2004 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். 1998 இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். அவர் அடித்த கோல்களுக்கு அதிகாரபூர்வமான முழுக் கணக்கு பேணப்படவில்லை. ஆயினும் அவரை ஆசியாவின் தலைசிறந்த முன்கள வீரருள் ஒருவராகக் கொள்வதற்கு அக்குறை எவருக்கும் தடையாகவில்லை. கண்டவர் கண்ணே அங்கு அளவுகோலாயிற்று.

அவ்வாறாயின் மதிப்பீடு எவ்வாறு அமைதல் வேண்டும்? திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அமைந்துள்ள வரிசை ஈண்டு மனங்கொளத்தக்கது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்றும் முன்னே நிற்க, ஆளை ஆராய்ந்து தேர்தலைக் கூறும் தெரிந்துதெளிதல் அவற்றின் பின்னரே வருகின்றது. இவ்வதிகாரங்கள் அரசனை நோக்கியவையாயினும், வலியும் காலமும் இடமும் அறியாதவன் ஆளைத் தெளிய முற்படலாகாது என்று இவ்வரிசைக்குப் பொருள் கொள்ளுதல் தவறாகாது.

முதலிற் காலத்தை நோக்குக. தீவக மக்களுக்குக் காலத்தின் இயல்பைக் கற்பிப்பது பனை. பனம்விதை முளைக்கும்போது முதலிற் கீழ்நோக்கி மண்ணுக்குள்ளேயே இறங்குகின்றது. வடலியாய் நிற்கும் ஆண்டுகள் பலவற்றில் அடிமரம் நிலத்துக்கு மேலே தோன்றுவதில்லை. பூத்துக் காய்ப்பதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். பூக்கும்வரை அது ஆண்பனையா பெண்பனையா என்பதும் தெரியாது. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்க முடியுமா என்று யாழ்ப்பாணத்தார் கேட்பது பொறுமையற்றவரின் வழக்கு. ஆயின் இன்று பயன் தரும் பனை ஒவ்வொன்றும் ஒருகால் வடலியாய் நின்றதே.

இளம் வீரரின் காலமும் அத்தகையதே. கோவில்பட்டியில் ஹொக்கி பயின்ற கார்த்தி செல்வம் 2022 மே மாதத்தில் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடினார். அவ்வாட்டத்திலேயே கோல் அடித்தார். 2023 இல் சென்னையில் ஆசிய சாம்பியன் கிண்ணத்தை வென்ற அணியிலும் அவர் இருந்தார். 2024 ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் இல்லை. முதல் ஆட்டத்துக் கோலைக் கண்டு இவரே அடுத்த தன்ராஜ் என்றவரும், ஒலிம்பிக் பட்டியலைக் கண்டு இவர் காலம் முடிந்தது என்பவரும் ஒரே பிழையையே செய்கின்றனர். இருவரும் பாதையின் ஒரு புள்ளியை முழுப் பாதையெனக் கொள்கின்றனர்.

அடுத்து இடம். யாழ்ப்பாணத்துத் திடலொன்றில் ஆடுவதற்கு நெடுந்தீவு இளைஞன் குறிகட்டுவான் துறைக்குச் சுமார் ஒரு மணி நேரம் படகிலே வரல் வேண்டும்; அதன்பின் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து தரைவழிப் பயணம். காற்று மிகுந்த நாளிற் படகு இல்லை; ஆட்டமும் இல்லை. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர், பலர் மீளவேயில்லை. ஆட்கள் குறைந்த ஊரில் அணியும் குறையுடையதாகவே அமையும். முன்வரிசையில் நிற்பவனுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க நடுவரிசையில் ஆள் வேண்டுமல்லவா? ஆண்டுக்கு முப்பது ஆட்டம் ஆடும் நகர மாணவனின் கோல்களையும் ஐந்து ஆட்டம் ஆடும் தீவக மாணவனின் கோல்களையும் ஒரே பட்டியலில் எழுதுவது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது சமமற்றவற்றைச் சமமெனக் கொள்வதாகும். பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர் இருவர் 1976 இல் எழுப்பிய வினாவும் இத்தன்மையதே: ஒருவனது கட்டுப்பாட்டுக்குள் அடங்காதவற்றுக்காக அவனைப் புகழ்தலும் பழித்தலும் எங்ஙனம் தகும்?

இவ்விடத்து வலுவான மறுப்பொன்று எழும். எண்ணை ஒதுக்கினால் அவ்விடத்தில் எது வந்து அமரும்? உறவு வரும், ஊர் வரும், சாதி வரும், தெரிவாளரின் விருப்பு வெறுப்பு வரும். ஆளறிமுகமற்ற தீவக இளைஞனுக்காகப் பேசக்கூடிய சாட்சி அவன் அடித்த கோல் ஒன்றே. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தபோது, பெற்ற புள்ளி புள்ளியாகவே மதிக்கப்படல் வேண்டுமென்று வாதாடிய சமூகம் எண்ணின் அருமையை அறியாததன்று. மேலும், கோல் அடித்தல் முன்கள வீரனின் கடமை. அவன் அதனை ஆற்றாதபோது “பரவாயில்லை தம்பி” என்று மாத்திரம் கூறிக்கொண்டிருப்பது அன்பன்று. அவனை அறியாமையில் இருத்தும் வஞ்சனை.

இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆயின் அது நிறுவுவது எண் தேவை என்பதை மாத்திரமே. எண் போதும் என்பதையன்று. நீதிமன்றில் சாட்சி இன்றியமையாதவர். அதனால் அவரை நீதிபதியின் இருக்கையில் ஏற்றுதல் தகாது. கோல் இல்லை என்ற சாட்சியத்தைக் கேட்டபின், நீதிபதி கேட்கவேண்டிய வினாக்கள் பலவுள. அவனுக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன? கிடைத்தவற்றை அவன் எவ்வாறு தவறவிட்டான்? அவசரத்தாலா, அச்சத்தாலா, காலின் பழக்கமின்மையாலா? சென்ற ஆண்டு நுழைய இயலாத இடங்களில் இவ்வாண்டு நுழைகின்றானா? தவறவிட்ட வாய்ப்பும் வாய்ப்பை உண்டாக்கும் ஆற்றலுக்குச் சான்றாகலாம். வாய்ப்பே பெறாதவனுக்குக் கற்பிக்க வேண்டியது வேறு. பெற்றுத் தவறவிடுபவனுக்குக் கற்பிக்க வேண்டியது வேறு. எண் இருவரையும் பூச்சியம் என்றே எழுதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பிடுவோர் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. கல்லை நிறுத்தாலும் கல்லின் எடை மாறுவதில்லை. இளைஞனை மதிப்பிட்டாலோ அவன் மாறுகின்றான். தேறமாட்டான் என்று கருதப்பட்டவனுக்குப் பந்து கொடுக்கப்படுவதில்லை. பந்து பெறாதவன் கோல் அடிப்பதில்லை. கோல் அடிக்காமை முன்னைய தீர்ப்புக்குச் சான்றாக மீண்டும் எடுத்துக் காட்டப்படுகின்றது. தன் தீர்ப்பைத் தானே உண்மையாக்கிக்கொண்டு, “அன்றே சொன்னேன்” என்பவர் தீர்க்கதரிசியல்லர். அவ்விளைவில் அவரும் பங்காளி. நன்மதிப்பும் அவ்வாறே வினைபுரியும். ஆதலின் வளரும் ஒருவரைப் பற்றிய மதிப்பீடு அவருக்குச் செய்யப்படும் செயலுமாகும். முடிந்ததை அளப்பவர் உண்மைக்கு மாத்திரம் பொறுப்புடையவர். வளர்வதை அளப்பவர் விளைவுக்கும் பொறுப்புடையவர். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இதுவே விடை.

இப்பொறுப்பு தெரிவாளர் எவரையும் அணியிற் சேர்க்கவேண்டுமென்று கட்டாயப்படுத்துவதன்று. அணியில் இடங்கள் சில, விரும்புவோர் பலர், விலக்குதல் தவிர்க்கவியலாதது. விலக்கும் முறையே அறத்தின்பாற்பட்டது. குறை இன்னதென்று அவனிடம் நேரிற் கூறப்படல் வேண்டும். “இவ்வாண்டு இல்லை” என்பது “என்றும் இல்லை” என்பதாக ஊரில் உலவ விடப்படலாகாது. மறுமுறை அவன் வரும்போது பழைய கணக்கு மூடப்பட்டுப் புதிய கண்ணோடு அவன் நோக்கப்படல் வேண்டும். நகரத்தில் ஒரு கழகம் விலக்கினால் இன்னொரு கழகம் உண்டு. தீவில் விலக்கப்பட்டவனுக்கு அடுத்த திடல் கடலுக்கு அப்பால் உள்ளது. தெரிவுகள் சுருங்கிய இடத்திலே தீர்ப்பின் பாரம் கூடுதலாகின்றது.

வேலியோரம் நின்று “கோல் இல்லையே” என்றவர்கள் கூறியதில் பொய் இல்லை. அவர்கள் அதனோடு நிறுத்தியதே குறை. அதன்பின் ஒரு வினாவேனும் கேட்டு, அடுத்த ஆட்டத்தில் அவன் காலுக்கு ஒரு பந்தேனும் செல்லுமாறு செய்திருப்பின், அவன் அடித்திருப்பானோ என்னவோ, அவர்கள் கடமை நிறைவேறியிருக்கும்.