விளையாட்டு எனும் வன்முறை: கோனாக் கடலின் மார்லின் வேட்டையை முன்வைத்து ஓர் அற விசாரணை

ஓர் உயிரைத் துன்புறுத்துவதற்கு எத்தகைய நோக்கம் போதிய நியாயமாகும் என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பசி, தற்காப்பு, பிழைப்பு ஆகியவற்றின் பொருட்டு நிகழும் கொலையைப் பற்றிச் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக விவாதித்து, தத்தமக்குரிய முடிவுகளைச் சொல்லியுள்ளன. இவற்றுள் எதுவும் காரணமாக இல்லாத நிலையில், போராட்டம் தரும் கிளர்ச்சி ஒன்றையே நாடி ஓர் உயிரோடு மோதுவது தகுமா என்ற வினா அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. ஹவாய்த் தீவின் மேற்குக் கரையான கோனாவிலிருந்து பெருமீன் வேட்டைக்குப் புறப்படும் வாடகைப் படகுகளின் முழுநாள் பயணம் இவ்வினாவைத் தெளிவான வடிவில் முன்வைக்கிறது. ஏனெனில் அங்கே பிழைப்பு, உணவு, விளையாட்டு, பழஞ்சமய மரபு ஆகிய நான்கும் ஒரே கடற்பரப்பில் சந்திக்கின்றன.

கோனாவின் புகழுக்கு அதன் நிலவியலே அடிப்படை. ஹுவாலாலாய், மௌனா லோவா ஆகிய எரிமலைகள் வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைத் தடுத்துவிடுவதால் அக்கரையின் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. எரிமலைச் சரிவு நீருக்கடியிலும் செங்குத்தாக இறங்குவதால், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. ஆழ்கடலில் திரியும் நீல மார்லின், மயில் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மேல்தாடை ஈட்டிபோல் நீண்டிருக்கும். இவ்வினத்தில் ஆண்மீன் ஏறக்குறைய 160 கிலோவுக்கு மேல் வளர்வது அரிது. ஆகவே ஆயிரம் பவுண்டை, அதாவது சுமார் 454 கிலோவை, தாண்டுகின்ற மீன்கள் எல்லாம் முட்டையிடும் பெண்மீன்களே. வேட்டைக்காரர் மிக உயர்வாக மதிக்கும் மீன், இனத்தின் பெருக்கத்துக்கு மிக இன்றியமையாத மீனாகவும் இருக்கிறது என்பது தொடக்கத்திலேயே கருதத்தக்கது.

முழுநாள் பயணம் என்பது பொதுவாக எட்டு மணி நேரம் நீடிப்பது. தலைவர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் படகை நடத்த, பணம் செலுத்திய சிலர் பயணிகளாக வருவார்கள். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கைந்து தூண்டில்களில் செயற்கை இரைகள் நீரின் மேற்பரப்பில் இழுத்துச் செல்லப்படும். சில வேளைகளில் உயிருள்ள சிறு சூரை மீனைத் தூண்டில் முள்ளோடு பிணைத்து இரையாக விடுவதும் உண்டு. மார்லின் கவ்வியதும் பயணிகளுள் ஒருவர் தளத்தில் பொருத்தப்பட்ட சுழல் நாற்காலியில் அமர்ந்து, தூண்டில் கோலைப் பட்டைகளால் உடலோடு இணைத்துக்கொண்டு, சில நிமிடங்களிலிருந்து பல மணி நேரம் வரை மீனோடு இழுபறி செய்கிறார். மீன் ஓய்ந்து படகருகே வந்ததும் அது விடுவிக்கப்படும், அல்லது கொக்கியிட்டு ஏற்றப்படும். ஏற்றப்பட்ட மீன் பயணிக்கன்றிப் படகுக்கே உரியது என்பது கோனாவில் நிலவும் வழக்கம். அமெரிக்க ஒன்றியம் 2012-இல் இயற்றிய சட்டம் இத்தகைய ஈட்டிமூக்கு மீன்களின் விற்பனையைத் தடைசெய்தபோது ஹவாய்க்கு விலக்களித்தது. 2018-இல் வந்த திருத்தம், ஹவாயில் பிடிபட்ட அம்மீன்கள் பெருநிலப்பகுதிக்கு விற்பனைக்குச் செல்வதைத் தடுத்தது. எனவே கோனாவில் கொல்லப்படும் மார்லின் பெரும்பாலும் வீணாவதில்லை; அது உள்ளூர்ச் சந்தையில் விற்கப்பட்டு உண்ணப்படுகிறது.

இந்த வேட்டைக்கு ஓர் ஒழுக்கநெறி உண்டு என்பதை அதன் ஆதரவாளர்கள் வலியுறுத்துகின்றனர். அக்கூற்றில் உண்மையும் உண்டு. கலிபோர்னியாவின் கேட்டலினாத் தீவில் 1898-இல் சார்லஸ் பிரடெரிக் ஹோல்டர் தோற்றுவித்த அவலோன் சூரைமீன் கழகம், தடித்த கைக்கயிற்றால் மீனை இழுத்துக் குவிப்பதை இழிவெனக் கருதி, கோலும் மெல்லிய நூலும் கொண்டு பிடிப்பதே பெருமை என்ற நெறியை வகுத்தது. 1939-இல் தோன்றிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் அந்நெறியை உலகளாவிய விதிகளாக்கியது. அவ்விதிகளின்படி, போராட்டம் நடக்கும்போது கோலையோ சுருளையோ நூலையோ வேறொருவர் தொட்டாலும் அப்பிடிப்பு சாதனையாக ஏற்கப்படாது. 1970-இல் ஹவாயின் ஓவாஹுத் தீவருகே கொர்னீலியஸ் சோய் என்ற தலைவரின் வாடகைப் படகில் பிடிபட்ட 1,805 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 819 கிலோ எடையுள்ள நீல மார்லின், ஒருவருக்கு மேற்பட்டோர் கோலைக் கையாண்ட காரணத்தால் சாதனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. 1982-இல் கோனாவில் பிடிபட்ட 1,376 பவுண்டு மீனே பசிபிக் நீல மார்லினுக்கான சாதனையாக ஏற்கப்பட்டது.

இவ்விதிகள் யாருக்கிடையிலான நேர்மையைக் காக்கின்றன என்று வினவும்போதுதான் அவற்றின் எல்லை புலப்படுகிறது. ஒரு மனிதர் மற்றொரு மனிதரின் உதவியால் பெருமை தேடிக்கொள்ளக் கூடாது என்று அவை சொல்கின்றன. அதாவது, அவை மனிதப் போட்டியாளர்களுக்கு இடையே நீதி செய்கின்றன. மீனுக்குரிய நீதி பற்றி அவை பேசுவதில்லை. சில இடங்களில் அவை மீனின் நலனுக்கு நேர் எதிராகவும் அமைகின்றன. நூலின் வலிமையைக் கொண்டு சாதனைகள் 2 பவுண்டு முதல் 130 பவுண்டு வரை வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. நூல் மெல்லியதாக இருக்கும் அளவுக்குப் பிடித்தவரின் திறமை போற்றப்படுகிறது. ஆனால் நூல் மெலிந்தால் போராட்டம் நீளும், போராட்டம் நீண்டால் மீனின் தசைகளில் இலாக்டிக் அமிலம் மிகுந்து அது முற்றிலும் சோர்ந்துபோகும். மனிதர் தமக்கு விதித்துக்கொள்ளும் கடினமே மீனுக்கு நீடித்த துன்பமாகிறது. மீனின் நிலையிலிருந்து பார்த்தால் மிகக் குறுகிய போராட்டமே மிக நல்லது. பெருமையின் நிலையிலிருந்து பார்த்தால் அதுவே மிகச் சிறிய வெற்றி.

டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹய்சிங்கா 1938-இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்ற நூலில், விளையாட்டின் முதற்பண்பு அது விருப்பத்தோடு மேற்கொள்ளப்படுவதே என்று நிறுவினார். ஆடுபவர் விதிகளை அறிந்து, இசைந்து, விரும்பினால் விலகிக்கொள்ளும் உரிமையோடு களத்தில் இறங்குகிறார். இந்த அளவுகோலின்படி மார்லின் ஆடுபவர் அல்ல. அது விதிகளை அறியாது, இசையவில்லை, விலகவும் இயலாது. வெற்றி பெற்றால் அதற்குக் கிடைப்பது முன்பே அதனிடம் இருந்த உயிர் மட்டுமே. ஆகவே, மீனுக்கும் வாய்ப்பளித்துச் சமமாகப் போராடுவதாகச் சொல்லப்படும் வாதம் நிலைபெறாது.

மீனுக்கு வலி உண்டா என்ற வினா இவ்விடத்தில் எழுவது இயல்பு. 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடன் ஆய்ந்தோரும் வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் ஊறுணரிகள், அதாவது திசுவுக்குக் கேடு விளையும்போது தூண்டப்படும் நரம்பு முனைகள், இருப்பதைக் காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உண்பதைத் தவிர்த்ததையும், உதட்டைச் சரளைக்கற்களில் தேய்த்ததையும் பதிவுசெய்தனர். வலியை உணர்வதற்குத் தேவையான பெருமூளைப் புறணி மீனுக்கு இல்லை என்று பிரையன் கீ 2016-இல் மறுத்தெழுதினார். 2024-இல் அறிஞர் பலர் கையொப்பமிட்டு வெளியிட்ட நியூயார்க் அறிக்கை, மீன்கள் உள்ளிட்ட முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்துக்கும் உணர்வனுபவம் இருப்பதற்கு மெய்யான வாய்ப்பு உண்டு என்று கூறியது. விவாதம் முற்றுப்பெறவில்லை, ஆயினும் ஐயம் நிலவும்போது மெய்ப்பிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பதை அறவியல் தெளிவாகச் சொல்ல முடியும். செயலைக் கைவிட்டால் இழப்பது ஒரு பொழுதுபோக்கை மட்டுமே என்ற நிலையில் உள்ளவரே அப்பொறுப்பைச் சுமக்க வேண்டும்.

நோக்கத்தை அளப்பதற்குச் சமண மரபு நுட்பமான ஒரு கருவியை வழங்கியுள்ளது. அம்மரபின் ஆசிரியர்கள் இல்லறத்தாரின் இம்சையை நான்காகப் பகுத்தனர்: கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப இம்சை, சமையல் முதலிய வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாது நிகழும் ஆரம்ப இம்சை, தொழிலின் பொருட்டு நிகழும் உத்தியோக இம்சை, தற்காப்பில் நிகழும் விரோத இம்சை. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முற்றாக விலக்க வேண்டும் என்பது அவர்கள் துணிபு. சமணம் மீன்பிடித் தொழிலையே ஏற்பதில்லை என்பது உண்மையாயினும், இப்பாகுபாட்டின் ஒளியில் நோக்கினால் கோனாப் படகின் தளத்தில் ஒரே செயலுக்குள் இரு வேறு இம்சைகள் நிகழ்வது தெரியவரும். படகுத் தலைவருக்கு மீன் பிழைப்பு; சந்தைக்குச் செல்லும் உணவு. நாற்காலியில் அமர்ந்தவருக்கோ அது பிழைப்புமன்று, உணவுமன்று. போராட்டமே அவர் விலைகொடுத்து வாங்கிய பொருள். மீன் பின்னர் உண்ணப்படுவது நல்விளைவே எனினும், அவ்விளைவு அவருடைய நோக்கத்துக்குள் இருந்ததன்று. ஆகவே அதனைத் தம் செயலுக்கு நியாயமாகக் காட்டும் உரிமை அவருக்கு இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றிலும் வினை உண்டு என்பது சமணக் கொள்கை. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வாங்குபவர் இன்றி விற்பவர் இல்லை என்ற கருத்தின்மூலம் பொறுப்பை விலை கொடுப்பவரிடமே கொண்டுசேர்க்கிறது.

பிடித்த மீனை விட்டுவிடுவதால் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவோர் பலர். தேரவாத பௌத்த உரைகள் கொலைக்கு ஐந்து உறுப்புகளைக் கூறுகின்றன: உயிர் இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, மரணம். விடுவிக்கப்பட்டுப் பிழைத்த மீனின் வகையில் கொல்லும் எண்ணமும் மரணமும் இல்லாமையால் அது கொலையாகாது. ஆனால் அறிந்தே துன்பம் விளைவித்தல் அங்கே எஞ்சி நிற்கிறது. ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணமின்றி விலங்குக்குத் துன்பம் விளைவிப்பதைத் தடைசெய்கிறது. விட்டுவிடும் எண்ணத்தோடே மீன்பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து விதிகள் தடுக்கின்றன. சூழலியல் நோக்கோ இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது: பெரும் பெண்மீனை விடுவிப்பது இனத்தைக் காக்கும், உள்நோக்கி வளைந்த வட்ட முள், மீனின் வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் பதிவதால், பிழைக்கும் வாய்ப்பைப் பெருக்கும். இரு நோக்குகளும் முரண்படுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம், ஒன்று தனி உயிரையும் மற்றொன்று இனத்தையும் அலகாகக் கொள்வதே. மீன் பிடிபட்டுவிட்ட பிறகு அதனை விடுவிப்பது இனத்துக்குச் செய்யும் கடமை. அக்கடமையை நிறைவேற்றியது, தேவையின்றிப் பிடித்ததற்கு நியாயமாகாது. இரையாகப் பிணைக்கப்பட்ட சூரைக்கு விடுதலை என்ற பேச்சே இல்லை என்பதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

கோனாவுக்கே உரிய பழைய நெறி ஒன்று இங்கு ஒப்பிடத்தக்கது. ஹவாய் மக்கள் கூவுலா என்ற மீன்பிடித் தெய்வத்துக்குக் கடலோரத்தில் கல் நிறுத்தி, பிடித்த மீனின் முதற்பங்கைப் படைத்தனர். சமயத் தடை எனப் பொருள்படும் கபு முறையின்படி, அகு எனும் சூரைக்கும் ஓபெலு எனும் சிறுமீனுக்கும் ஆண்டின் பருவங்கள் மாறிமாறி ஒதுக்கப்பட்டன; ஒன்றைப் பிடிக்கும் காலத்தில் மற்றொன்று தீண்டப்படாமல் இருந்தது. இம்முறையைப் பொற்காலமாகப் போற்றுவது தவறாகும். அதே கபு, பெண்கள் ஆண்களோடு உண்பதைத் தடுத்தது, மீறியோருக்கு மரண தண்டனையும் விதித்தது. ஹவாய் மன்னர் முதலாம் கமேஹமேஹா மறைந்த 1819-ஆம் ஆண்டிலேயே, அவர் மகன் லிஹோலிஹோ கோனாவின் கைலுவாவில் அரசகுலப் பெண்களோடு அமர்ந்து உண்டு அம்முறையை முடிவுக்குக் கொண்டுவந்தார். அக்கொடுமை நீங்கியது நன்றே. ஆயினும் அம்முறையின் ஒரு கூறு சிந்தனைக்குரியது: அதன் விதிகள் மனிதருக்கிடையே பெருமையைப் பங்கிடுவதோடு நிற்கவில்லை, கடலுக்கும் மீனுக்கும் மனிதர் பட்ட கடனையும் வரையறுத்தன. கமேஹமேஹாவின் வழிபாட்டிடமான அஹுயெனா ஹெயாவ், 1959 முதல் நடைபெறும் பன்னாட்டு மார்லின் போட்டியின் மீன்கள் எடையிடப்பட்டுவந்த கைலுவாப் படகுத்துறைக்கு அருகிலேயே நிற்கிறது. ஒரே கரையில் இரு விதிமுறைகளும் செயல்பட்டிருக்கின்றன.

விளையாட்டின் சார்பில் சொல்லப்படும் வலிய வாதங்களைப் புறந்தள்ளலாகாது. ஸ்பானியத் தத்துவஞானி ஒர்டேகா இ காசெட், வேட்டையில் கொலை குறிக்கோளன்று, வேட்டை மெய்யாவதற்கு வேண்டிய நிறைவு மட்டுமே என்று வாதிட்டார். நவீன மனிதர் இயற்கைக்குள் மீண்டும் நுழையும் வழியாக வேட்டையைக் கண்டார். ஆழ்கடலில் ஒரு நாள் கழிப்போர் அடையும் வியப்பும் பணிவும் மெய்யானவையே. ஆனால் வியப்புக்குக் கடலும் மீனும் போதுமானவை. தூண்டில் முள் அதற்கு இன்றியமையாதது என்பது நிறுவப்படவில்லை. வணிக நெடுந்தூண்டில் கப்பல்கள் வேறு மீனுக்காக விரித்த தூண்டில்களில் மார்லின்கள் பெருமளவில் மாள்வதைச் சுட்டிக்காட்டும் வாதமும் உண்டு; பெருந்தவறு ஒன்று இருப்பது சிறுதவற்றை அறமாக்குவதில்லை. மார்லினும் பிற உயிரைக் கொன்றே வாழ்கிறது என்பார்க்கு, அதற்கு வேறு வழி இல்லை, மனிதருக்கு உண்டு என்பதே விடை. படகுத் தொழிலாளரின் பிழைப்பு மட்டுமே மெய்யான கனமுள்ள வாதம். அது வேட்டையின் முறையை மாற்றக் கோருகிறதேயன்றி, அதனை இப்போதுள்ளபடியே காக்கக் கோரவில்லை.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றே. உண்பதற்காக மீன்பிடிப்பதை ஏற்கும் அறம், போராட்டத்துக்காகவே பிடிப்பதையும் அதனோடு சேர்த்து ஏற்றுவிட முடியாது. முழுநாள் பயணத்துக்குக் கடலேறுவோர் உண்ணப்படும் அளவுக்கே பிடிக்கவும், வலிய நூலைக் கொண்டு போராட்டத்தை இயன்றவரை சுருக்கவும், கொல்ல நேர்ந்தால் விரைந்து கொல்லவும், பெரும் பெண்மீன்களை நீரிலிருந்து தூக்காமலே விடுவிக்கவும், உயிர் இரையைக் கைவிடவும் கடமைப்பட்டவர்கள். உண்ணும் எண்ணம் இல்லாதவர் தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டுச் செல்லட்டும். படகுத் தலைவருக்குரிய கட்டணம் அப்போதும் அவருக்குக் கிடைக்கும், கடலும் அதே கடலாகவே இருக்கும்.