ஆறுதல் பெரிதா, உண்மை பெரிதா?

மேல்மலையனூரிலே அமாவாசை இரவு. அங்காளம்மன் ஊஞ்சல் காண ஊர் திரண்டு நிற்கிறது. உடுக்கையொலி எழுகிறது, கற்பூரம் எரிகிறது, தலைவிரித்தாடுவோரைச் சுற்றி உறவினர் கைகட்டி நிற்கின்றனர். அந்தக் கூட்டத்திலே ஒரு தாய் நிற்பதாக எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை அன்பே உருவாக இருந்தவள் இன்று பெற்ற மகனையே அறியாமல் விழிக்கிறாள். சொல் குழறுகிறது, நடை தள்ளாடுகிறது. "பேய் பிடித்துவிட்டது" என்கிறது ஊர்.

பேயா? மருத்துவம் வேறு பல காரணங்களைக் கூறுகிறது. அவற்றுள் அரியதொன்று, மூளையிலே தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய். மூளையில் முளைக்கும் கட்டிகளில் நூற்றுக்கு நான்கைக்கூட இது தாண்டுவதில்லை. நோயை எதிர்க்கப் பிறந்த வெள்ளணுவே நெறிகெட்டுப் பெருகி மூளையைக் கெடுக்கிறது. காவலனே கள்வனாகிறான்! தலைவலி தோன்றுமுன்பே குணம் மாறலாம், நினைவு மங்கலாம். கூட்டத்தில் ஆடுவோர்க்கெல்லாம் இந்நோய் என்று கூறவில்லை. யாருக்கு எது என்பதை ஆய்ந்தறிய வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

"அங்கே போனால் மனம் ஆறுகிறது. ஆறுதலைப் பறிக்க நீ யார்?" என்று கேட்பவர் உண்டு. எள்ளித் தள்ளத்தக்க கேள்வியல்ல இது. இதற்கு விடையை அந்த நோயே தருகிறது.

மூளை வீக்கத்துக்கு மருத்துவர் ஸ்டீராய்டு மருந்து தருவதுண்டு. இந்நோயில் அது விந்தை புரியும். சில நாட்களிலேயே வீக்கம் வடியும், புற்றணுக்களும் மடியும், படத்திலே தெரிந்த கட்டி மறைவதும் உண்டு. வாய் திறவாதவள் பேசுவாள், வீடு களிக்கும். ஆனால், அந்தோ! நோய் போகவில்லை, ஒளிந்துகொண்டது. அப்போது மண்டையோட்டில் சிறுதுளையிட்டு, ஊசியால் திசு எடுத்து ஆய்ந்தால், ஒன்றும் புலப்படாமல் போகலாம். பெயர் தெரியாத நோய்க்கு எந்த மருந்தைத் தருவது? வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் மீண்டும் படையெடுக்கும். எனவேதான், இந்நோய் என ஐயம் எழுந்தால், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவரை, திசு ஆய்வு முடியும்வரை ஸ்டீராய்டைத் தவிர்க்கின்றனர் மருத்துவர்கள்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! மெய்யாகவே வேலை செய்யும் மருந்து தரும் ஆறுதலைக்கூட, உண்மை வெளிப்படும்வரை நிறுத்திவைக்கிறது அறிவியல். அப்படியிருக்க, வேப்பிலையும் விபூதியும் தரும் ஆறுதலை மட்டும் கேள்வி கேட்கலாகாதா? ஆறுதல் குற்றமன்று, உண்மையை முந்திக்கொண்டு வந்து, அதன் வழியை அடைக்கும் ஆறுதலே குற்றம். உண்மை அறிந்தபின் தரும் ஆறுதலோ கடமை.

உண்மை என்ன தந்தது என்று கேட்பீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். ஃபோலிக் அமிலத்தை ஆராய்ந்த அவரது ஆய்வுக்கூடத்திலிருந்து, அந்த அமிலத்தைப் போல வேடமிட்டுப் புற்றணுவை ஏமாற்றும் மருந்துகள் பிறந்தன. 1948இல் அவர் மறைந்தார், மெத்தோட்ரெக்சேட் வாழ்கிறது. குருதியிலிருந்து மூளையைக் காக்கும் இயற்கை அரணைக் கடக்க அதனைப் பேரளவில் நரம்பிலே செலுத்துகின்றனர். பின்னர் நல்ல அணுக்களைக் காக்க மாற்று மருந்து தருகின்றனர். ரிட்டுக்சிமாப் முதலியனவும் துணை நிற்கின்றன. அனைவரும் பிழைப்பதில்லை, ஆனால் பல்லாண்டு வாழ்வோர் உண்டு. எந்தப் பூசாரியும் தந்திராத வாழ்வு அது!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அழுது ஓய்ந்துவிடவில்லை. 1954இல் அடையாற்றிலே பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழச் செய்தார். துயரத்தை அறிவாக மாற்றிய துணிவு அது. மறுபுறம், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியிலே நடந்ததை மறக்கலாமா? மனநோயுற்றோர் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகையில் தீ மூண்டது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினர். ஆறுதல் தேடி அழைத்துவரப்பட்டவர்கள்தாம் அவர்களும்!

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். அந்தத் தாயின் மகனைப் பார்த்து "மூடனே!" என்று சிரித்துவிட்டு வீடு திரும்புகிறோமே, அதுவும் ஓர் ஆறுதல்தான், நாம் அறிவாளிகள் என்ற மலிவான ஆறுதல்! அதனால் அவள் மூளையிலுள்ள கட்டி கரையுமா? அவன் மூடனல்லன்; வழியறியாதவன். மருத்துவமனை என்றால் செலவு, அலைச்சல், அச்சம். கோயில்தான் அவனை "வா" என்றது. நாம் என்றாவது "வா" என்றோமா?

பகுத்தறிவு என்பது வாதத்தில் வெல்வது மட்டுமன்று. அவன் கையைப் பற்றி அழைத்துச் செல்வது. செஞ்சியைக் கடந்தால் புதுவையிலே ஜிப்மர் இருக்கிறது. வடக்கே வேலூர் இருக்கிறது. பேருந்து ஏற்றி, சீட்டு எழுதி, படம் எடுக்கும் அறைக்கு வெளியே அவனோடு காத்திருப்போம். முடிவு கசப்பானால் அவனோடு அழுவோம்.

உண்மை முதலில்; உடன் நிற்பது எப்போதும். அதுவே நம் அறம்!